சைரன் ஓய்ந்த பிறகு... தீயணைப்பு வீரரின் மனதை யார் பார்த்துக்கொள்வது?

1995, ஏப்ரல் 19. அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் ஒன்பது மாடி அரசு அலுவலகக் கட்டடம் ஒன்று, லாரியில் வைக்கப்பட்டிருந்த குண்டு வெடித்ததில் பாதி இடிந்து விழுந்தது. 168 பேர் இறந்தார்கள். அவர்களில் 19 பேர் குழந்தைகள். அந்தக் கட்டடத்தில் ஒரு குழந்தைகள் காப்பகமும் இருந்தது.

இடிபாடுகளிலிருந்து தூக்கிவந்த ஒரு வயதுக் குழந்தையை ஒரு போலீஸ்காரர், எதிரே வந்த தீயணைப்பு அதிகாரியின் கைகளில் கொடுத்தார். அந்த அதிகாரியின் பெயர் கிறிஸ் ஃபீல்ட்ஸ். குழந்தையை ஏந்திக்கொண்டு அதன் முகத்தையே அவர் குனிந்து பார்த்த நொடியை, வங்கி ஊழியரான சார்லஸ் போர்ட்டர் படம் பிடித்தார். உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் அந்தப் படம் வெளியானது. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசும் கிடைத்தது. குழந்தை பிழைக்கவில்லை.

படத்தைப் பார்த்தவர்கள் அந்தக் குழந்தைக்காக அழுதார்கள். குழந்தையை ஏந்தி நின்றவர் அதன்பிறகு என்ன ஆனார் என்று கேட்டவர்கள் குறைவு. அவர் வேலையைத் தொடர்ந்தார். அடுத்தடுத்த அழைப்புகளுக்குப் போனார். வெளியே எல்லாம் சரியாகவே தெரிந்தது. பல ஆண்டுகள் கழித்துதான், அவருக்கு பி.டி.எஸ்.டி எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநல பாதிப்பு இருப்பது தெரியவந்தது. குடும்ப வாழ்க்கையும் அதில் ஆட்டம் கண்டது. இன்று அவர் இதையெல்லாம் வெளிப்படையாகப் பேசுகிறார். மற்ற தீயணைப்பு வீரர்களும் பேச வேண்டும் என்பதற்காகவே பேசுகிறார்.

அவர் பேசுவது ஏன் முக்கியம்? பேசாமல் போனவர்களின் எண்ணிக்கை அப்படி.

நெருப்பைவிடப் பெரிய ஆபத்து

2017-ம் ஆண்டில் அமெரிக்காவில் பணியின்போது உயிரிழந்த தீயணைப்பு வீரர்கள் 93 பேர். அதே ஆண்டில் தற்கொலையால் இறந்த தீயணைப்பு வீரர்கள் குறைந்தது 103 பேர். ரூடர்மேன் குடும்ப அறக்கட்டளை 2018-ல் வெளியிட்ட அறிக்கை இந்தக் கணக்கைச் சொன்னது. நெருப்பும் புகையும் இடிபாடும் சாலை விபத்தும் சேர்ந்து பறித்த உயிர்களைவிட, தற்கொலை பறித்த உயிர்கள் அதிகம்.

103 என்பதுகூட முழுக் கணக்கு இல்லை. வெளியே தெரியவந்த மரணங்கள் மட்டுமே அவை. பல குடும்பங்கள் காரணத்தைச் சொல்வதில்லை, பல நிலையங்கள் பதிவு செய்வதில்லை.

இந்தக் கணக்கை எடுக்கத் தொடங்கியவரும் ஒரு தீயணைப்பு வீரர்தான். இல்லினாய் மாநிலத்தில் தீயணைப்பு கேப்டனாக இருந்த ஜெஃப் டில். 2005-ல் கத்ரீனா புயல் நிவாரணப் பணிக்குப் போய்த் திரும்பியவர்கள் மனம் உடைந்திருந்ததையும், தீயணைப்புப் பணியே என்னவென்று தெரியாத ஆலோசகர்களிடம் பேச முடியாமல் அவர்கள் தவித்ததையும் அவர் கவனித்தார். அதன்பிறகு தானே உளவியல் ஆலோசனை படித்தார். தீயணைப்பு வீரர்களின் மனநலத்துக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஒவ்வொரு தற்கொலை மரணத்தையும் விசாரித்து, உறுதி செய்து, பதிவு செய்யும் வேலையையும் எடுத்துக்கொண்டார்.

ஒரு பெரிய தீ மட்டுமே காரணமா?

ஓக்லஹோமா போன்ற பேரழிவைப் பார்த்தவர்களுக்குத்தான் மனம் பாதிக்கும் என்று நினைப்போம். உண்மை அப்படி இல்லை. பெரும்பாலான வீரர்களைக் கரைப்பது ஒரே ஒரு பெரிய சம்பவம் அல்ல. 20, 25 வருட சர்வீஸில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் சின்னச் சின்னச் சம்பவங்கள்.

மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2013-ல் வெளியான அதன் ஐந்தாம் பதிப்பில், வேலையின் காரணமாகக் கொடூரமான விஷயங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதும் பி.டி.எஸ்.டி-க்குக் காரணமாகலாம் என்று இருக்கிறது. அதற்கு அங்கே தரப்பட்டுள்ள உதாரணமே, மனித உடல்களின் எச்சங்களைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளர்கள்தான்.

நம் ஊர் தீயணைப்பு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தில் இந்தத் துறையின் பெயரே ‘தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை’. வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் அவர்களுக்குத்தான் போன். கிணற்றில் மாடு விழுந்தால் கயிறு கட்டி இறங்குவது அவர்கள்தான். இந்தச் செய்திகள் நமக்குச் சுவாரஸ்யமானவை, போனில் வீடியோவாகப் பார்க்கிறோம்.

ஆனால், அதே கிணற்றில் அடுத்த வாரம் ஒரு பெண்ணின் உடல் மிதந்தாலும் இறங்குவது அவர்கள்தான். ஏரியில் குளிக்கப்போன பள்ளிப் பையன்களைத் தேடி மூழ்குவதும், பைபாஸில் லாரிக்கு அடியில் நசுங்கிய காரை வெட்டி உள்ளே இருப்பவர்களை எடுப்பதும் அவர்கள்தான். ஊர் கூடி நின்று பார்க்கும். ‘ஐயோ’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முகத்தைத் திருப்ப முடியாத ஒரே ஆள், காக்கிச் சட்டையில் உள்ளே இறங்கியவர்.

கும்பகோணம் நினைவிருக்கும். 2004, ஜூலை 16. பள்ளியின் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். இன்றைக்கும் ஒவ்வொரு ஜூலை 16 அன்றும் பெற்றோர்கள் படத்துக்கு மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அன்று அந்த மாடிக்கு ஏறி, பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கி இறக்கிய கைகளும் இருந்தன. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்கள் வீட்டிலும் அதே வயதில் பிள்ளைகள் இருந்திருக்கலாம். அன்று இரவு அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்திருப்பார்கள்?

உள்ளே என்ன நடக்கிறது?

பி.டி.எஸ்.டி என்றதும் சினிமாவில் வருவதுபோல அலறி எழுவது மட்டுமே என்று நினைக்க வேண்டாம். மருத்துவர்கள் அதன் அறிகுறிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள்.

முதலாவது, நினைவு தானாகத் திரும்ப வருவது. சமையலறையில் எதாவது தீய்ந்த வாசனை வந்தால் போதும், பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு வீடு கண்முன் வந்து நிற்கும். இது நினைத்துப் பார்ப்பது அல்ல. உடம்பு அந்த இடத்துக்கே போய்விடுகிறது.

இரண்டாவது, தவிர்ப்பது. விபத்து நடந்த சாலை வழியாகப் போகாமல் சுற்றிப்போவார். குழந்தைகள் அழும் விசேஷ வீட்டுக்குப் போக மாட்டார். காரணம் கேட்டால் ‘வேலை இருக்கு’ என்பார்.

மூன்றாவது, எண்ணங்களும் உணர்வும் இறுகிப்போவது. மகள் பரிசு வாங்கி வந்தாலும் சந்தோஷம் வராது. ‘அன்னைக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி போயிருந்தா காப்பாத்தியிருக்கலாம்’ என்ற குற்ற உணர்வு மட்டும் போகாது.

நான்காவது, எப்போதும் விறைப்பாகவே இருப்பது. கதவு அடித்துச் சாத்தினால் தூக்கிவாரிப்போடும். சட்டென்று கோபம் வரும். தூக்கம் வராது.

இந்த நான்காவது வகை, தீயணைப்பு வீரர்களுக்குக் கூடுதல் சிக்கல். நிலையத்தில் படுத்திருந்தாலும் மணி அடித்த கணத்தில் எழுந்து ஓட வேண்டும் என்று பழக்கப்பட்ட உடம்பு அது. விழிப்பாக இருப்பதுதான் வேலை. அந்த விழிப்பை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றிவைக்க முடிவதில்லை.

‘நமக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது’

இவ்வளவு இருந்தும் ஏன் சொல்வதில்லை?

தீயணைப்பு நிலையம் மற்ற அலுவலகம்போல அல்ல. ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் படுத்து, ஒருவர் உயிரை மற்றவர் கையில் கொடுத்து வேலை பார்க்கிறவர்கள். அங்கே ஒருவரின் மதிப்பே ‘இவனை நம்பி உள்ளே போகலாம்’ என்பதுதான். ‘எனக்கு முடியலை’ என்று சொன்னால் அந்த மதிப்பு போய்விடுமோ என்ற பயம். பதவி உயர்வு தள்ளிப்போகுமோ, வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம். எனவே, கிண்டலும் சிரிப்புமாகக் கடந்துவிடுவார்கள். மோசமான அழைப்பு முடிந்து வண்டியில் திரும்பும்போது யாராவது ஒரு ஜோக் அடிப்பார், எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு ஒரு மருந்துதான். ஆனால், மருந்து அது ஒன்றே என்றாகிவிட்டால் பிரச்னை.

வீட்டிலும் சொல்வதில்லை. ‘இதையெல்லாம் சொல்லி அவளையும் ஏன் பயமுறுத்தணும்?’ என்ற அக்கறைதான் காரணம். அக்கறையில் சொல்லாமல் விட்டது, கொஞ்ச வருடத்தில் கணவன் மனைவிக்கு நடுவே சுவராக நின்றுவிடும். சிலர் அந்த இடத்தை மதுவால் நிரப்புகிறார்கள். மது தூக்கத்தைத் தருவதுபோலத் தோன்றும். உண்மையில் தூக்கத்தின் தரத்தைக் கெடுத்து, மனச்சோர்வையும் கூட்டும்.

அமெரிக்காவில் 1,027 தீயணைப்பு வீரர்களிடம் நடத்தப்பட்டு 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், தீயணைப்புப் பணியில் சேர்ந்த பிறகு ஒரு முறையாவது தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 46.8 சதவிகிதம். முயற்சியே செய்ததாகச் சொன்னவர்கள் 15.5 சதவிகிதம். தாங்களாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு இது என்பதால், எல்லா வீரர்களுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால், பெயர் வெளியே வராது என்றால் இத்தனை பேர் மனம் திறக்கிறார்கள் என்பதே ஒரு செய்திதான்.

ஓய்வு பெறும் நாள்

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005-ல் முன்வைத்த ஒரு கோட்பாடு இதைப் புரிந்துகொள்ள உதவும். ‘எனக்கென்று யாரும் இல்லை’ என்ற தனிமை ஒன்று, ‘என்னால் மற்றவர்களுக்குப் பாரம்’ என்ற நினைப்பு இன்னொன்று. இந்த இரண்டும் சேரும்போது தற்கொலை எண்ணம் வருகிறது என்கிறார். ஆனால், எண்ணம் வருகிற எல்லோரும் செயலில் இறங்குவதில்லை. மரண பயம் தடுத்துவிடும். வலியையும் சாவையும் தினமும் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் பயம் மங்கிப்போயிருக்கும் என்பது அவர் சொல்லும் மூன்றாவது விஷயம்.

தீயணைப்பு வீரருக்கு இந்த மூன்றாவது விஷயம் வேலையிலேயே வந்துவிடுகிறது. அவரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது முதல் இரண்டும் இல்லாமல் இருப்பதுதான். நிலையத்தில் அவருக்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், ஊருக்கு அவர் தேவைப்படுகிறார். காயம்பட்டு வேலையை விடும்போதும், ஓய்வு பெறும்போதும் இந்த இரண்டு கயிறுகளும் ஒரே நாளில் அறுந்துவிடலாம். சால்வை போட்டு, மாலை போட்டு வீட்டில் கொண்டுபோய் விடுகிறோம். அடுத்த திங்கட்கிழமை அவருக்கு யாரும் போன் செய்வதில்லை. பணியில் இருப்பவர்களை மட்டும் கவனித்தால் போதாது என்று சொல்வது இதனால்தான்.

பலன் தராததும், பலன் தருவதும்

நல்ல எண்ணத்தில் செய்வதெல்லாம் பலன் தருவதில்லை. 1983-ல், தீயணைப்பு வீரராகவும் பாராமெடிக்காகவும் இருந்த உளவியலாளர் ஜெஃப்ரி மிட்செல் ஒரு முறையைக் கொண்டுவந்தார். மோசமான சம்பவம் நடந்த சில நாள்களுக்குள் எல்லோரையும் உட்காரவைத்து, பார்த்ததையும் உணர்ந்ததையும் பேசவைப்பது. உலகம் முழுக்க இது பரவியது. பிறகு, இப்படி ஒரே ஒரு முறை தனித்தனியாக உட்காரவைத்துப் பேசவைப்பதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல் காக்ரேன் அமைப்பு பரிசீலித்தபோது, பி.டி.எஸ்.டி-யைத் தடுக்க அது உதவியதற்கு ஆதாரம் இல்லை என்று தெரிந்தது. கட்டாயப்படுத்தி இதைச் செய்வதை நிறுத்த வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது. காயம் ஆறும் முன்பே ஒருவரைக் கிளறச் சொல்வது சிலருக்குக் கெடுதலாகவும் முடியலாம்.

அப்படியானால் எது உதவுகிறது?

சம்பவம் நடந்த உடனே வேண்டியது எளிமையானது. பாதுகாப்பான இடம், தண்ணீர், சாப்பாடு, ஓய்வு, வீட்டுக்கு ஒரு போன், கூட ஓர் ஆள். பேச விரும்பினால் கேட்பது, விரும்பாவிட்டால் விட்டுவிடுவது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் மனம் தானாகத் தேறிவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கமில்லாமல், நினைவுகள் விடாமல் துரத்தினால் சிகிச்சை தேவை. பேரதிர்ச்சிக்கென்றே உள்ள உளவியல் சிகிச்சைகள் நன்றாகப் பலன் தருகின்றன. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. சிகிச்சை பெற்று மறுபடி வண்டி ஏறியவர்கள் நிறைய பேர்.

அந்தச் சிகிச்சை வரை ஒருவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கடினம். அங்கே சக வீரர்தான் பாலம். அமெரிக்க, கனடிய தீயணைப்பு வீரர்களின் தொழிற்சங்கம் சக வீரர்களுக்கே பயிற்சி கொடுத்து, நிலையத்துக்குள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் முறையை வளர்த்திருக்கிறது. 2017-ல் மேரிலாந்தில், வீரர்களுக்கென்றே தங்கிச் சிகிச்சை பெறும் மையம் ஒன்றையும் திறந்தது. ‘நானும் அந்தக் கிணற்றில் இறங்கினவன்தான்’ என்று சொல்லக்கூடிய ஒருவரிடம் பேசுவது எளிது.

கவனிக்க வேண்டிய 5 மாற்றங்கள்

ஜெஃப் டில்லின் அமைப்பு, சக வீரர்களும் குடும்பத்தினரும் கவனிக்க வேண்டியதாக ஐந்து அறிகுறிகளைச் சொல்கிறது. நம் வீடுகளுக்கும் இது பொருந்தும்.

1. திடீர் அலட்சியம். பணியிலோ வண்டி ஓட்டுவதிலோ தேவையில்லாத ஆபத்தை எடுப்பது.

2. கோபம். சின்ன விஷயத்துக்கும் வெடிப்பது. அதுவரை சாந்தமாக இருந்தவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும்.

3. ஒதுங்குவது. நிலையத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது தனியே போய் உட்காருவது, வீட்டு விசேஷங்களைத் தவிர்ப்பது.

4. தன் திறமையில் நம்பிக்கை இழப்பது. பல வருடம் செய்த வேலையையே ‘என்னால முடியுமான்னு தெரியலை’ என்பது.

5. தூக்கமின்மை.

இவற்றைக் கண்டால் என்ன செய்வது? நேரடியாகக் கேட்க வேண்டும். ‘தற்கொலை பற்றிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ’ என்று பலர் தயங்குவார்கள். அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் நிம்மதிதான் கிடைக்கிறது.

நிலையத்தில் என்றால் இப்படித் தொடங்கலாம்: ‘அண்ணே, ஒரு மாசமா நீங்க சரியாவே இல்ல. ராத்திரி தூங்குறீங்களா?’ வீட்டில் என்றால், ‘என்னங்க, அந்த விபத்துக்குப் போயிட்டு வந்ததிலேர்ந்து நீங்க நீங்களாவே இல்லை. சாகணும்னு எப்பவாவது தோணுதா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க’ என்று கேட்கலாம். பதில் வந்தால் அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். ‘பிள்ளைங்க முகத்தைப் பாருங்க’, ‘நீங்களே இப்படிப் பேசலாமா’ போன்ற வார்த்தைகள், பாரமாக இருக்கிறோம் என்ற நினைப்பைத்தான் கூட்டும். ‘ஆமாம்’ என்று சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

இந்தியாவில் ஒரு கணக்கு வேண்டும்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தினக்கூலிகள், விவசாயிகள், மாணவர்கள், இல்லத்தரசிகள், அரசு ஊழியர்கள் என்று தொழில்வாரியாகவும் அந்த அறிக்கை பிரித்துச் சொல்கிறது. தீயணைப்பு வீரர்களுக்கெனத் தனி வரிசை அதில் இல்லை. அரசு ஊழியர் என்ற பெரிய கட்டத்துக்குள் அவர்கள் மறைந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஒரு கேப்டன் உட்கார்ந்து எண்ணத் தொடங்கிய பிறகுதான் பிரச்னையின் அளவே வெளியே தெரிந்தது. இங்கேயும் முதலில் எண்ண வேண்டும்.

ஏப்ரல் 14 நமக்குத் தமிழ்ப் புத்தாண்டு. தீயணைப்புத் துறைக்கு அது நீத்தார் நினைவு நாளும்கூட. 1944-ல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்ததில் உயிரிழந்த 66 தீயணைப்புப் படையினரின் நினைவாக, அன்று நாடு முழுக்க நிலையங்களில் மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள். நெருப்பில் இறந்தவர்களுக்குக் கொடுக்கும் அந்த மரியாதைக்குக் குறைவானதல்ல, உயிரோடு இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு மனநலப் பரிசோதனையும், வேலைக்குப் பங்கம் வராத ரகசிய ஆலோசனையும் கொடுப்பது.

அதுவரை நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. மீட்புப் பணி நடக்கும் இடத்தில் போனைத் தூக்கிப் படம் எடுக்காமல் விலகி நிற்பது. ‘லேட்டா வந்துட்டாங்க’ என்று அவர்கள் காதுபடச் சொல்லாமல் இருப்பது. தெருவில் தீயணைப்பு வீரர் யாராவது குடியிருந்தால், நேற்று என்ன பார்த்தீர்கள் என்று கதை கேட்காமல், ‘சாப்டீங்களாண்ணே, நல்லா தூங்குனீங்களா?’ என்று மட்டும் கேட்பது.

*உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கோ தற்கொலை எண்ணம் இருந்தால் தயங்காமல் பேசுங்கள். டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்: 14416 (24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்). தமிழக அரசின் மருத்துவ உதவி எண்: 104. சினேகா தற்கொலைத் தடுப்பு மையம், சென்னை: 044-24640050.*